விற்காதவர்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடந்த கணவரின் கட்டைவிரலை ஈரத் துணியால் மறுபடியும் துடைத்து, முந்தானையில் ஒற்றி, ஃபோனின் மேல் வைத்து அழுத்தினாள். திரை ஒரு முறை அதிர்ந்துவிட்டு இருண்டது. இன்னும் அழுத்தமாக வைத்தாள். அதற்கும் அதே அதிர்வுதான். வாலிப வயதிலிருந்து கார்களுக்குப் பெயின்ட் அடித்த கை. பெயின்டில் கலக்கும் தின்னர் தின்று தின்று ரேகையெல்லாம் வழுவழுத்துப் போயிருந்தது. நல்லா இருந்த நாளிலேயே ஃபோன் அவர் விரலைப் பாதி நேரம் மதிக்காது. "போடா" என்று அதைத் திட்டிவிட்டு நம்பரைத் தட்டித்தான் திறப்பார்.

அந்த நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகன் நடந்துகொண்டிருந்தான். நாலு எட்டு இந்தப் பக்கம், நாலு எட்டு அந்தப் பக்கம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மார்க்கெட் மூடுவதற்குள் அப்பாவின் ஷேரையெல்லாம் விற்றாக வேண்டும் என்று காலையிலிருந்து அவள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப வித்தா பணம் உங்க ரெண்டு பேர் அக்கவுன்ட்டுக்கு வந்துடும்மா. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா எல்லாத்தையும் முடக்கிடுவாங்க. அப்புறம் நாமினி பேருக்குப் போயிடும். நாமினி யாருன்னு தெரியுமா உனக்கு? சித்தப்பா!"

"உனக்கு யார் சொன்னா?"

"போன மாசம் ஆப் வேலை செய்யலைன்னு என்கிட்ட குடுத்தாரே, அப்பப் பாத்தேன். ஏம்மா உன் பேரைப் போடலை?"

அந்த ஷேர் கணக்கை அவர் தொடங்கிய வருஷம் அவளுக்கு நினைவிருந்தது. கைக்குழந்தையாக இருந்த இதே மகனைத் தூக்கிக்கொண்டு, இனி வரவே மாட்டேன் என்று அம்மா வீட்டுக்குப் போயிருந்த வருஷம். அவரும் அவர் தம்பியும் ஒரே அறையில் தாங்களே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

தம்பியோடுதான் பிற்பாடு பேச்சு அறுந்தது. அப்பா விட்டுப் போன வீட்டில் தன் பாதியைத் தம்பி விற்றுவிட்டார். இவருக்கு விற்பது என்ற சொல்லே ஆகாது. சம்பளம் வந்தால் முதல் வேலையாக ஏதாவது ஒரு கம்பெனியில் ரெண்டு ஷேராவது வாங்குவார். ஒரு ஃபண்டுக்கும் மாசா மாசம் போட்டு வந்தார். விலை ஏறினால் "இன்னும் ஏறும், இப்ப விக்கறதாவது" என்பார். இறங்கினால் "இந்த விலைக்கு எவனாவது விப்பானா" என்பார். வீட்டுக் கூரை ஒழுகிய மழைக்காலத்தில்கூட வாளி வைத்துச் சமாளித்தாரே தவிர, ஒரு ஷேரை விற்கவில்லை. அவள் பேசாத பேச்சில்லை. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

"என்ன பண்ற?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் திறந்திருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கை பிசுபிசுன்னு இருந்துது. துடைச்சேன்."

அவர் பார்வை அவள் மடியிலிருந்த ஃபோனுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"மார்க்கெட் எப்படி?"

"ஏறியிருக்காம்." அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"பாத்தியா" என்பது போல ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். மகன் திரும்பி நடக்கும் முதுகு தெரிந்தது. அவர் ஒன்றும் அசடு இல்லை.

"நம்பர் வேணுமா?"

ஆமாம் என்றால் போதும். ஆனால் எதற்கு என்று அவர் கேட்டால்? அவர் கேட்கவே மாட்டார். அதுதான் அவளை உலுக்கியது. தலையணைக்குள் அமிழ்ந்த அந்த முகம் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? நீங்கதான் வீட்டுக்கு வந்து பாக்கப் போறீங்களே."

"சரி" என்றார். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, ஏமாற்றமா, அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மகன் பாய்ந்து வந்தான். "திறந்துதா?"

"இல்ல."

"கேட்டியா?"

"தூங்கறார்."

"எழுப்பக் கூடாதாம்மா! நாளைக்கு நீ என்ன பண்ணுவ? என் சம்பளத்துல ரெண்டு வீடு ஓடுமா?" கத்திவிட்டு, நர்ஸ் முறைத்ததும் குரலைத் தாழ்த்தினான். கண் கலங்கியிருந்தது. கோபத்திலா, பயத்திலா, அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் காப்பி வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, காப்பி வாங்காமல், படியில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடைசியில் வெறும் கையோடு திரும்பினாள். அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. நர்ஸ் அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கொழுந்தன் வாசலில் நின்றிருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. நாற்காலி போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், வண்டிக்காரரிடம் பேசினார். மறுநாள் காலை அண்ணனைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தார். மகன் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் போகிற இடமெல்லாம் அவன் கண் போயிற்று.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"சித்தப்பா, அப்பாவோட ஷேர் எல்லாம் உங்க பேருக்குத்தான் வரப் போகுது. தெரியும்ல?"

"டேய்!" என்றாள்.

"கேக்கட்டும் அண்ணி. என் பேருக்கா? என்னடா சொல்ற?"

"நாமினி நீங்கதான். எங்கம்மா இல்ல."

கொழுந்தன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த இடம் சரியில்லையென்று எடுத்து வேறு இடத்தில் வைத்தார். "அது அந்த ரூம்ல இருந்தப்ப எழுதினது. நான்தான் கூடப் போனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கப்புறமும் மாத்தலையா அவன்?"

"மாத்தலை."

"நான் வீட்டை வித்தப்புறமுமா?"

கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வீட்டுக்குள் வந்து அப்போதுதான் உட்கார்ந்தார். முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கையெழுத்து போடணுமோ சொல்லு. என் பேருக்கு வந்ததும் அப்படியே அண்ணி பேருக்கு மாத்திடறேன். நாளைக்கே அந்த ஆபீசுக்குப் போலாம்."

"நாளைக்கே எல்லாம் ஆகாது. டெத் சர்டிபிகேட் வரணும்" என்றான் மகன். குரலில் பழைய வேகம் இல்லை.

"வரட்டும். வந்ததும் போலாம்." அவளைப் பார்த்தார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அதுல ஒரே ஒரு ஷேர் நான் வச்சுக்கட்டுமா?"

"எதுங்க?"

"எதுன்னாலும். கம்பெனி பேரெல்லாம் எனக்கு என்ன தெரியும். எது ரொம்ப இறங்கிக் கிடக்கோ அதையே குடுங்க."

"வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?" என்றான் மகன். கிண்டலாகக் கேட்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது வெறும் கேள்வியாகிவிட்டது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார் அவர்.

மகன் அவரையே பார்த்தான். பிறகு எழுந்து, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

அவளுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மடித்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கொழுந்தன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அண்ணனைப் போலவே. சட்டைக் காலரெல்லாம் வேர்வை.

மூலையில் மேசை விசிறி காலி நாற்காலிகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒயர் இழுபடாமல் அதைத் தூக்கி, சத்தமில்லாமல் வைத்து, அவர் பக்கம் திருப்பினாள்.