ஒன்று அல்லது இரண்டு அனுப்பவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு செருப்புக் கடைக் கல்லாவில் பிறந்தது. கார்டை இயந்திரத்தின் மேல் காட்டினேன், 'பீப்' என்றது. "சலுகை மெசேஜ் அனுப்பலாமாங்க?" என்று கேட்டார் பில் போடுபவர். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. எனக்கு எழுதுவதற்கென்றே எங்கோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர் யார்?

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள்

(வேண்டாம். மழைக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

அவள் அந்தக் கடையின் தலைமை அலுவலகத்தில், கிடங்கின் பசை வாடை ஏறிவரும் மேல்மாடியில், மெசேஜ் எழுதுகிறாள். எழுபது எழுத்துக்குள் முடிக்க வேண்டும்.* சம்மதம் தந்தவர்களின் பட்டியலில் ஒரு நம்பர் மட்டும் அவளுக்கு மனப்பாடம். அக்காவுடையது.

* புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'நன்றி' என்றாலே ஐந்து போய்விடும். அதனால் அவள் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு இவள் தனியாகக் கையெழுத்துப் போட்டாள். அக்கா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம். அப்பா பிழைக்கவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?" அக்கா கடைசியாகப் பேசியது அதுதான்.

(இங்கே தங்கையை அழவைத்துப் பார்த்தேன். நம்பும்படி இல்லை. வேலை நேரத்தில் அழுகிற ரகம் இல்லை அவள்.)

தங்கை இங்கே வேலை பார்ப்பது அக்காவுக்குத் தெரியாது. கடைக்கு வருவாள், போனைக் காட்டிப் பணம் கட்டுவாள், போவாள். மாடியில் இவள் திரையில் ஒரு வரி விழும். அக்கா நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்று இவளுக்குத் தெரிவது அப்படித்தான்.

3

புது விதி வந்தது. எல்லாரிடமும் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். இவளே எழுதினாள்: "மெசேஜ் தொடரலாமா? ஆம் 1. வேண்டாம் 2."

2 வந்தால் அந்த நம்பர் பட்டியலிலிருந்து அழிந்துவிடும். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவின் பதில் வந்தது.

"போன வாரம் வாங்கின செருப்பு கடிக்குது."

இயந்திரம் உடனே சொன்னது: "தவறான பதில். 1 அல்லது 2 அனுப்பவும்."

"கடிக்குதுன்னு சொல்றேன்ல."

"தவறான பதில். 1 அல்லது 2 அனுப்பவும்."

தங்கை மேலாளரிடம் போனாள்.

"சார், இவங்களுக்கு நானே போன் பண்ணிடட்டுமா?"

"அவங்க சம்மதம் குடுத்தது மெசேஜுக்கு. பேசுறதுக்கு இல்லம்மா."

"எங்க அக்கா சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா கண்டிப்பா கேட்டுட்டுத்தான் பண்ணணும்."

4

முதலில் எழுதிய முடிவில், தங்கை ஒரு சைஸ் பெரிய ஜோடியோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். அதை அடித்துவிட்டேன்; மறுபடியும் அக்காவைக் கேட்காமல் செய்கிறாள். இன்னொன்றில் அக்கா வெறும் 2 அனுப்பிவிட்டு

(இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

நடந்தது இதுதான். மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், தங்கை தன் சொந்த போனில் எழுதினாள்: "அக்கா, அந்த மெசேஜ் எல்லாம் எழுதுறது நான்தான். அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. இப்ப கேக்குறேன். போன் பண்ணட்டுமா? 1 இல்லன்னா 2 அனுப்பு."

பதில் வந்தது. ஒரே ஓர் எண். எனக்குத் தெரியும். ஆனால் அதை உங்களிடம் சொல்ல அக்காவின் சம்மதம் வேண்டும். அவள் நம்பர் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால், கேட்டுப் பாருங்கள்.