அரைமணி டவுன்

தங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்துக்கு ஏறி வருகிறவன் எவனாக இருந்தாலும், வந்து சேரும்போது அரைமணி நேரம் வயது குறைந்திருப்பான் என்று இருளப்பன் சொன்னதும், அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக் கோலா தெர்லாக்காரர்கள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்கள். தன் மனைவி அம்மாக்கண்ணு ஒரே நாளில் நாலு தடவை டவுனுக்கு இறங்கி ஏறியதில் இரண்டு மணி நேரம் இளமையாகி, சாயங்காலம் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு ஒரு தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். மாப்பிள்ளை விஜயனின் தாய்மாமன் நாகரத்தினம். வேறொரு எஸ்டேட் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காலையில் ரேடியோ மணி சொல்லும்போது அதோடு கைக்கடிகாரத்தை ஒத்துப் பார்க்காமல் பல் துலக்க மாட்டார்.

"மலேசியா பூரா ஒரே மணிதான் இருளப்பா. ஒனக்கு மட்டும் என்னா தனி மணி?" என்றார்.

இருளப்பன் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்.

ஊர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுவதில் அவருக்குத் தணியாத ஆசை. தைப்பிங்கை மழை டவுன் என்கிறவன் நம்ம மழையில் ஒரு நாள் நனைந்திருக்க மாட்டான் என்பார். கியா பார்முக்கு அவர் வைத்த பெயர் கோஸ் பட்டணம். லெம்பா பெர்த்தாம், சேத்துச் சிங்கப்பூர். மதுரையைத் தூங்கா நகரம் என்று உலகமே சொல்லும்போது, இருபது வீடும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஐந்து நாயும் உள்ள மேட்டு லயத்துக்கு ஒரு பெயரில்லையே என்பதுதான் அவருடைய நெடுநாளைய குறை. அந்தக் குறையைக் கவர்மென்டே தீர்த்து வைத்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் பிறந்த அன்று, நாடு முழுக்கக் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். லயத்தில் மணி அடிப்பது இருளப்பன். கோயில் பக்கத்து மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் தட்டினால்தான் ஜனம் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கும். புது மணிப்படி தட்டிய முதல் காலை ஒரே கும்மிருட்டு. இருட்டில் மலை ஏறிய பெண்கள் கொழுந்து என்று நினைத்து எதையெதையோ கிள்ளினார்கள். ஒருத்தி கங்காணியின் மீசையையே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டாள் என்பது இருளப்பனின் வாக்குமூலம். கங்காணிக்குப் பாதி மீசை போனதை லயமே பார்த்தது. அவர் சவரக்கத்தி வழுக்கியது என்றார். எது எப்படியோ, மறுநாளே கங்காணி கூப்பிட்டு, பழைய மணிக்கே தட்டு, கீழே ஆபீசில் எவனும் கேட்டால் பனிமூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுவிட்டார். கொழுந்து ஏற்றும் லோரி எப்போதும் அரைமணி தாமதமாகவே வந்து பழகியிருந்ததால் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கீழ் லயத்துக்காரர்கள் கேலி பண்ண ஆரம்பித்தார்கள். அரைமணி டவுன்காரன் வர்றான், நேத்துச் சோறு மிச்சமிருக்கா கேளு என்பார்கள். இருளப்பனுக்கோ கேலியாகவே படவில்லை. டவுன் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா.

நாகரத்தினம் முழுக்கக் கேட்டார். இப்படி ஒரு ஊர் இருக்க முடியாது என்று முடிவாகச் சொல்லிவிட்டு, சபையின் நடுவில் ஒரு நிபந்தனையும் வைத்தார். மாசி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் பன்னிரண்டு மணிக்குள். பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். ஒரு நிமிஷம் தப்பினாலும் இந்தச் சம்பந்தம் கிடையாது. விஜயனின் அம்மா வேலம்மா அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டினாள். அவள் அண்ணன் பேச்சைத் தாண்டாதவள். அந்த அண்ணன் வீட்டில் சீதா என்று கல்யாண வயதில் ஒரு பெண் இருப்பதும், முறைமாப்பிள்ளை விஜயன்மேல் அவர் வெகுநாளாகக் கண் வைத்திருப்பதும் கோலா தெர்லாவில் முட்டைக்கோசுக்குக்கூடத் தெரியும். இருளப்பனின் மகள் ஜெயாவோ, கட்டினால் விஜயன், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று இருந்தாள்.

கல்யாண நாள் வந்தது. பந்தல் தயார், மேளம் தயார், சாம்பார் கொதித்து இறங்கிவிட்டது. மாப்பிள்ளை லோரியை மட்டும் காணவில்லை. பாதையை மூடியிருந்த பனிமூட்டத்தை இருளப்பன் இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் பூசை செய்யும் பண்டாரம் பழனியப்பன் ஓமத்தில் குச்சியைக் குறைத்துக் குறைத்துப் போட்டார்.

லோரி ஒருவழியாக ஏறி வந்தபோது, முன் சீட்டிலிருந்து முதலில் இறங்கியது நாகரத்தினம்தான். முகம் பச்சைத் தேயிலை நிறத்தில் இருந்தது. விஷயம் பின்னால் இறங்கிய விஜயன் வாயிலிருந்து வந்தது. மாமாவுக்கு வளைவு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒவ்வொரு வளைவிலும் லோரியை நிறுத்தச் சொல்லி இறங்கினாராம். கியா பார்மில் எலுமிச்சம்பழம் தேடிக் கடை கடையாகப் போனாராம். முதல் நாலு வளைவில் இறங்கியது நடிப்பு என்றும், அதற்கப்புறம் நிஜமாகவே வந்துவிட்டது என்றும் விஜயன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

நாகரத்தினம் கைக்கடிகாரத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"பன்னெண்டு பத்து. எமகண்டம் பொறந்தாச்சு. வேலம்மா, பையனைக் கூட்டிக்கிட்டு லோரியில ஏறு."

மேளக்காரர் அடித்த கையை அந்தரத்தில் நிறுத்தினார். பேச்சில் மலையைப் பெயர்க்கிற இருளப்பனுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய்கூட வரவில்லை. உண்மைதான் வந்தது.

"கிராணி ஐயா, இங்க மணி பதினொன்னு நாப்பதுதான்."

நாகரத்தினம் சிரித்தார். பண்டாரம் மெதுவாக, காலண்டர் அச்சடித்தது மணி மாற்றுவதற்கு முன்னால், அதில் போட்டிருக்கும் பன்னிரண்டு பழைய பன்னிரண்டுதான் என்று முனகினார். கவர்மென்ட் மாற்றினால் காலண்டரும் மாறினதாகத்தான் அர்த்தம் என்று நாகரத்தினம் அதட்டியதும், அதுவும் சரிதான் என்று பண்டாரம் நெருப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் லோரி கிளம்பவில்லை. லோரி ஓட்டி வந்த ராஜு சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

"எமகண்டம்னு நீங்கதானே சொன்னீங்க கிராணியாரே. எமகண்டத்துல இந்த வளைவுல லோரிய எறக்க மாட்டேன் லா. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு."

இது நியாயம் என்று கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. எமகண்டத்தில் தாலி கட்டக்கூடாது என்றால் பயணமும் கிளம்பக்கூடாது. ஒன்றரை வரை உட்கார வேண்டியதுதான் என்று நாகரத்தினம் ஒரு நாற்காலியை இழுத்தார். அப்போது சமையல் பக்கத்திலிருந்து அம்மாக்கண்ணு வந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு ஒரு கணக்குச் சொன்னாள். ஐயாவின் எமகண்டம் ஒன்றரைக்கு முடியும். ஆனால் ஐயா உட்கார்ந்திருப்பது எங்கள் மண். எங்கள் எமகண்டம் இன்னும் பிறக்கவே இல்லை. அது முடிய ஐயாவின் கடிகாரத்தில் இரண்டு ஆகிவிடும். இரண்டு எமனையும் பகைத்துக்கொள்ளாமல் போவதுதான் நல்லது. அதுவரை சாப்பாடும் கிடையாது, தாலி ஏறாமல் இலை போடுவது வழக்கமில்லையே.

நாகரத்தினத்தின் வயிற்றில் அன்று காலையிலிருந்து எதுவுமே மிச்சமில்லை. இருந்ததெல்லாம் வளைவுக்குக் கொஞ்சமாக வழியில் இருந்தது. கத்தரிக்காய் சாம்பாரும், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த வடையும், ஏலக்காய் போட்ட பாயசமும் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய மூக்குக்கு வந்து ஆஜர் கொடுத்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசனை சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமும் வந்தது.

இருளப்பன் எதையும் ரசிக்கிற நிலையில் இல்லை. தன் மணியும் ஓடுகிறதே. கிராணி பசியைத் தாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால், மேட்டு லயத்திலும் பன்னிரண்டு ஆகிவிடும். அப்புறம் சொல்ல வார்த்தையில்லை. நாலைந்து பேர் அவரையும் மரத்தில் தொங்கிய தண்டவாளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தட்டுகிறவன் கொஞ்சம் தாமதமாகத் தட்டினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று கங்காணி காதில் சொன்னார். இருளப்பன் முதல் தடவையாகக் கங்காணியிடம் கோபப்பட்டார்.

"அரைமணி வேற, கள்ளமணி வேற. பொய் மணியில எம்புள்ள தாலி கட்டிக்க வேணாம்."

அப்போது ஜெயா மணவறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். பட்டுப்புடவையும் மாலையுமாக, கையில் ஒரு டம்ளர் இஞ்சித் தண்ணீர். நேரே நாகரத்தினத்தின் முன்னால் போய் நின்றாள்.

"குடிங்க மாமா. போறதுன்னாலும் இதக் குடிச்சிட்டுப் போங்க. ஏறுன வளைவையெல்லாம் வெறும் வயித்தோட எறங்கணுமில்ல."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஏறின வளைவு அத்தனையும் இறங்கவும் வேண்டும் என்பது அதுவரை அவருடைய யோசனைக்கு வராத சங்கதி. ஒரு மடக்குக் குடித்தார். லோரியைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். இன்னொரு மடக்கு. வடைத் தட்டைப் பார்க்கவில்லை. அது அவரைப் பார்த்தது.

"ஒங்க மணி இப்ப என்னா?"

"பன்னெண்டுக்கு எட்டு நிமிஷம்" என்றார் இருளப்பன்.

நாகரத்தினம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். ரேடியோவைத் தவிர வேறு எதற்கும் கட்டுப்படாத அந்தக் கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைப் பின்னுக்குச் சுற்றினார். மலையில் பனிமூட்டமே நின்று எட்டிப் பார்த்தது என்று இருளப்பன் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

"வழியில குலுங்குனதுல முன்னால ஓடிருச்சு போல. என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, நேரம் போவுதில்ல" என்று நாகரத்தினம் பண்டாரத்தைத்தான் அதட்டினார்.

கெட்டி மேளம் முழங்கியது, விஜயன் மூன்று முடிச்சும் போட்டான். இருளப்பன் அட்சதை போட்ட கையோடு மரத்தடிக்கு ஓடிப் பன்னிரண்டு தட்டினார். தட்டும்போது அழுதார், புகை என்று சொன்னார். நாகரத்தினம் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று இலைச் சாப்பாட்டை ஒரே இலையில் சாப்பிட்டார்.

மறுவீட்டுக்காக இருளப்பனும் அம்மாக்கண்ணும் பலகாரத்தோடு கோலா தெர்லாவுக்குப் போனபோது, வேலம்மா வீட்டுக்குள் பேச்சே இல்லை. மார்க்கெட்டில் ஊர் முழுக்கப் பேச்சாம். பதினொன்னேமுக்காலுக்குக் கியா பார்மில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பன்னிரண்டுக்குள் எப்படி மலை ஏறித் தாலி கட்டியிருக்க முடியும், எமகண்டத்தில்தான் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்களாம். நாகரத்தினமும் திரும்பி வந்ததிலிருந்து அரைமணி டவுன் என்று ஒரு ஊரே கிடையாது, எல்லாம் இருளப்பன் விடுகிற கதை, கடிகாரத்தை நான் தொடவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வேலம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவும் பயப்பட்டாள். ஜெயா அடுப்படியிலேயே நின்றாள்.

இருளப்பன் வாயைத் திறந்தார். அம்மாக்கண்ணு அவர் தொடையில் கிள்ளினாள். இவர் சொன்னால் யார் நம்புவார்கள்.

வேலம்மா, மறுவீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் போய் நின்றாள். எனக்கு ஒன் வார்த்தைதான் வேணும், எம்மவன் தாலி கட்டுனது எந்த நேரத்துல, இவள வச்சுக்கிறதா அனுப்புறதா, சொல்லு என்றாள். சீதாவும் வாசலில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முகூர்த்தத்துலதான் கட்டுனான் வேலம்மா. நான்தான் முள்ளைத் திருப்புனேன். தாலி ஏறினதுக்கு அப்புறந்தான் அந்த ஊர்ல பன்னெண்டு அடிச்சுது, ஒன்னொன்னா எண்ணிக்கிட்டு இருந்தேன்."