சராசரி சாரின் பூஜ்யம்

எங்கள் மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு வேலைத்திறனை அளக்க ஓர் அதிகாரி வந்தார். வாயைத் திறந்தால் சராசரிதான். அதனால் சராசரி சார் என்றே பெயர் வைத்துவிட்டோம். வந்த வாரமே, துணிவண்டி தள்ளுபவர்களின் இடுப்பில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை மாட்டிவிட்டார். நீண்ட நடைகூடத்தில் எந்த நேரத்தில் எத்தனையாவது மீட்டரில் இருந்தார்கள் என்று அது கோடு போட்டுக் காட்டும்.

திங்கட்கிழமை என் அண்ணி கையில் ஒரு கடிதம். "எட்டு மணி நேரத்தில் தங்கள் சராசரித் திசைவேகம் பூஜ்யம். ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?" பன்னிரண்டு வருடமாக அழுக்குத் துணி மூட்டைகளைத் தள்ளித் தள்ளி முழங்கால் தேய்ந்தவள். அண்ணன் படுத்த படுக்கை; அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இவள் சம்பளத்தில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அங்கே துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்பவள். பள்ளியில் படித்த இயற்பியல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணியை இழுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்தப் பூஜ்யம் எப்படி வந்துச்சு?"

"ரொம்ப சிம்பிள்மா." கருவி போட்ட கோட்டுத்தாளை மேசையில் விரித்தார். "காலைல முன்வாசல்ல ஆரம்பிச்சாங்க, பூஜ்யம் மீட்டர். சாயங்காலம் அதே முன்வாசல்ல முடிச்சாங்க, பூஜ்யம் மீட்டர். கடைசி இடத்துல முதல் இடத்தைக் கழிச்சு, நேரத்தால வகுத்தேன். ஆள் நகரவே இல்ல!"

கணக்கு சரி. அதைத்தான் தாங்க முடியவில்லை. தப்பாகப் போட்டிருந்தால் போகட்டும் பாவம் என்று விட்டிருப்பேன்.

"நடுவுல கோடு பதினஞ்சு தடவை ஏறி இறங்குதே, அது என்ன சார், கருவிக்கு விக்கலா?"

அவர் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தேன். "காலைல பத்து மணி இருபதுக்கு எவ்வளவு சாய்ஞ்சிருக்கு பாருங்க. இருபது வினாடில இருபத்துநாலு மீட்டர். அந்த நேரத்துல இவங்க வேகம் வினாடிக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு மீட்டர். மூட்டையோட! திரும்பி வரும்போது கோடு கீழ சாயுது, அவ்வளவுதான். மொத்தம் ஏழு கிலோமீட்டர் நடந்திருக்காங்க சார்."

"உச்சியில மட்டும் சாய்வே இல்லையே? நிக்கிறாங்களே?"

"மூட்டையை இறக்கி, வண்டியைத் திருப்ப வேணாமா? பறக்கவா முடியும்?"

"சும்மா இரேன்" என்று அண்ணி என் கையைக் கிள்ளினாள். அவர் ஸ்கேலை வாங்கி, கோட்டின் மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு முகம் மலர, "புரிஞ்சிடுச்சும்மா!" என்றார். நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. வண்டி தள்ளுபவர்கள் முன்வாசலில் வேலையைத் தொடங்கி, கூடத்தின் மறுகோடியிலுள்ள பின்வாசலில் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வழியாகவே வெளியேற வேண்டுமாம். இருநூற்று நாற்பது மீட்டர், எட்டு மணி நேரம். நிமிடத்துக்கு அரை மீட்டர். எறும்பு முந்திக்கொண்டு போகும். அவருக்கோ பூஜ்யம் ஒழிந்ததில் தலைகால் புரியவில்லை. பழைய கடிதம் ரத்தாகி, அண்ணிக்கு 'நல்ல முன்னேற்றம்' என்று பாராட்டுக் கடிதம் வேறு.

பேருந்து நிறுத்தம் இருப்பது முன்வாசலில். தினமும் சாயங்காலம் அண்ணி பின்வாசலில் இறங்கி, மதிலைச் சுற்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

"இருங்க அண்ணி, நாளைக்குப் போய் அந்தாளுக்கு நல்லாப் புரிய வெச்சுட்டு வரேன்."

"வேணாம் தாயே," என்றாள் அண்ணி. "அவருக்குக் கொஞ்சம் புரிஞ்சதுக்கே இவ்வளவு நடக்கிறேன். முழுசாப் புரிஞ்சா நான் வீடு போய்ச் சேர மாட்டேன்."