ஈரம் காயும் முன்

கழுவிய இசைத்தட்டின் முதல் பக்கத்தைத் துடைத்துவிட்டு மகள் அதைத் திருப்பியபோது, உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருந்த அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா..."

"இதோ வரேன்ப்பா. மறுபக்கம் இன்னும் ஈரமா இருக்கு."

கழுவ எடுத்த தட்டைப் பாதியில் விடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். போட்டவரே அப்பாதான். தண்ணீர் தானாகக் காய்ந்தால் பள்ளங்களில் வெள்ளை பூத்துவிடும். பிறகு கேட்பதெல்லாம் கடுகு வெடிக்கிற சத்தம்தான். அதிலும் இது கடைக்கே போகாத தட்டு. விற்பனைக்கு வருமுன் வானொலி நிலையங்களுக்கு இலவசமாக அனுப்பியது. படமில்லாத வெள்ளை உறை, 'விற்பனைக்கல்ல' என்றொரு முத்திரை. புது அச்சில் முதலில் எடுத்ததால் ஒலி அத்தனை துல்லியம். அதைப் பார்த்து மதிப்புச் சொல்ல, தட்டில் ஊசிமுனைக் கீறலையும் விடாத எதிர்வீட்டு ஊசி மாமா வருவதாக இருந்தார். காய்ச்சலிலும் அப்பாவுக்கு அதே பேச்சு.

வட்டமாக, அவசரப்படாமல் துடைத்தாள். மறுபடி கூப்பிட்டது போலிருந்தது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தாள். ஓரத்தில் ஒரு துளி. அதையும் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அப்பாவின் முகம் அறை வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூச்சு இல்லை.

மருந்துக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மா, அவள் அலறல் கேட்டுத் தெருமுனையிலிருந்தே ஓடிவந்தாள். பின்னாலேயே ஊசி மாமா.

அழுகை சற்று ஓய்ந்தபோது மாமாவின் கை தன்னாலே தட்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே சாய்த்தது. பழக்கதோஷம். தங்கத்தையே 'சுமார்தான்' என்று சொல்லி வாங்குகிற ஆள் அவர்.

"காட்டறேன் காட்டறேன்னு சொல்லிட்டு இப்படிப் போயிட்டியேடா, பாவி..." தட்டை மறுபக்கம் திருப்பினார். "ஒரு பொட்டு கறை இல்ல. இப்பதான் துடைச்சிருக்கு. யாரும்மா?"

அவள் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாராடி?"

"பாப்பான்னு... கூப்பிட்டாரும்மா."

"நீயாவது பக்கத்துல இருந்தியே, அது போதும்." அம்மா அவள் விரல்களைத் தடவினாள். நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. "பாருங்கண்ணே, நெத்தியில ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டு, பிள்ளைக்கு விரலெல்லாம் எப்படி ஊறிப்போச்சுன்னு."

ஊசி மாமா அந்த விரல்களைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல உறைக்குள் தள்ளினார்.

"ஆமாம்மா," என்றார்.

அம்மா கையை விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.