ரெண்டு விரற்கடைப் புல்

புதுப் பயிற்சியாளர் வந்த அன்றே பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு கால்பந்து மைதானத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். புல்லைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர், தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனார். அவரை அங்கே எல்லோரும் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் குனிந்து ஒரு விரலைப் படுக்கையாக வைத்துப் பார்த்தார்.

"ஒரு விரக்கடைக்கு மேல இருக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னாடி நனைச்சும் வைங்க. பந்து வழுக்கிக்கிட்டு ஓடணும்."

புல்லுக்காரர் சரிங்க என்றார். போன பருவத்தில் அணி கடைசிக்கு முந்தின இடத்தில் முடிந்தது. பழைய பயிற்சியாளர்கள் பெட்டியைக் கட்டினார்கள், புதியவர்கள் வந்தார்கள். ஆட்டமில்லாத மாதங்களில் யார் தங்குவார், யார் போவார் என்பதுதான் உடைமாற்றும் அறையிலும் சமையல்கட்டிலும் பேச்சு. கோல்கீப்பரும் காலால் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பின்னாலிருந்து ஒவ்வொரு பாஸாகப் பந்தை ஏற்ற வேண்டும் என்று புதியவர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு வந்து விழுந்தது புல்லுக்காரர் குடும்பத்தின் தலையில்.

கோல்கீப்பர் அவருடைய தங்கையின் புருஷன். ஆள் உயரத்துக்கு ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர். கைக்குள் வந்த பந்து நழுவாது. கால் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கி வந்ததுபோல இருக்கும். வந்த பந்தை ஓங்கி உதைத்து அனுப்பியே முப்பத்தாறு வயதாகிவிட்டது. அடுத்த வாரச் சோதனை ஆட்டத்தில் தேறாவிட்டால் ஒப்பந்தம் கிடையாது. அணி கொடுத்த வீடும் போகும்.

தங்கை வந்தபோது புல்லுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பந்து வழுக்கிட்டு வந்தா அவருக்குக் கால்ல நிக்காது. கோல் பக்கம் மட்டும் ரெண்டு விரக்கடை விட்டு வெட்டேன்."

"புல்லு எம் பேச்சக் கேக்குமா?"

"உம் பேச்ச மட்டுந்தான் கேக்கும்."

"வெறுங்கால்ல நடக்குற மனுஷன்மா அவரு. கண்டுபிடிச்சிட்டா எனக்கும் சேத்து வெளிய போற கதவு தொறந்திருக்கும்."

"அப்போ பாத்திரம் பண்டத்தோட உங்க வீட்டுக்குத்தான் வரணும். அண்ணிகிட்ட இப்பவே சொல்லி வெச்சிரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அவர் கத்தியைத் திருப்பி மறுபக்கத்துக்குச் சாணை பிடித்தார். ஆனால் சோதனைக்கு முந்தின நாள் கோல் பக்கம் வந்ததும் கை தானாகக் கத்தியைத் தூக்கிவிட்டது. வெட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தார். அந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. நிழல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு போனார்.

மறுநாள் காலை, முதல் பந்து கோல்கீப்பரிடம் வந்தது. அவர் அதை நிறுத்தி, ஓரத்தில் நின்ற தடுப்பு ஆட்டக்காரருக்குத் தள்ளினார். பந்து பாதி வழியில் புல்லில் சோர்ந்து நின்றது. எதிர்த்து ஓடிவந்தவன் அதை எடுத்து நேரே கோலுக்குள் போட்டான். அடுத்ததும் அப்படியே. கோட்டுக்கு வெளியே நின்ற புல்லுக்காரர் கோல்கீப்பரின் காலையே பார்த்தார். பாஸ் நூல் பிடித்தாற்போலப் போயிருந்தது. பாதம் சரியாகத் திரும்பியிருந்தது. தொட்ட விதத்தில் பயமே இல்லை. இது எப்போது வந்த கால்?

மூன்றாவது பந்தும் நின்றுபோக, பயிற்சியாளர் விசிலை ஊதிவிட்டு நடந்து வந்தார்.

"ஏன் பந்து போய்ச் சேரல?"

கோல்கீப்பர் காலடியைப் பார்த்தார். பிறகு கோட்டுக்கு வெளியே மச்சானைப் பார்த்தார்.

"என் கால்தாங்க. பலம் பத்தல."

அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. புல்லுக்காரர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அவர் கால் இல்லீங்க. நான் இங்க ஒட்ட வெட்டல. வேணும்னுதான் விட்டேன்."

"எதுக்கு?"

"தங்கச்சி வீட்டுக்காரருங்க."

ஆட்டக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க விஷயத்த அப்புறம் பேசுவோம். இப்ப மெஷின எடுத்துட்டு வாங்க. மறுபடி ஆடிப் பாக்கலாம்."

இயந்திரம் ஓடும் இரைச்சலில் கோல்கீப்பர் பக்கத்தில் வந்து நடந்தார்.

"நல்லா உதவி பண்ணீங்க மச்சான். சலவை அறைக்குப் பின்னாடி சிமெண்ட் தரையில ஒரு மாசமா உதைச்சுப் பழகியிருக்கேன். அங்க தொட்டாலே ஓடும்."

"பொண்டாட்டிகிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல மாப்ள?"

"இந்த வயசுல சுவத்துக்குப் பாஸ் குடுத்துப் பழகுறேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

வெட்டி முடித்துத் தண்ணீர் அடித்தார்கள். விசில் ஒலித்தது. பந்து கோல்கீப்பரின் காலுக்கு வந்து நின்றது. எதிராளி தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்தான். கோல்கீப்பர் அவசரப்படவில்லை. அவன் மூச்சு கேட்கும் அளவுக்கு வரவிட்டு, பாதத்தைத் திருப்பிப் பந்தைத் தள்ளினார். ஈரம் மின்னிக்கொண்டிருந்த புல்லின் மேல் கறுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு பந்து ஓடியது. அந்தப் பக்கம் தடுப்பு ஆட்டக்காரர் அதற்காகக் காலை நீட்டிக் காத்திருந்தார்.