கேட்டவர்களுக்கு மட்டும்

"எழுதினது உன் தம்பிதானா?" பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார் அவள் கணவர்.

"அவனேதான். மூணு வருஷம் கழிச்சு வாயத் திறந்திருக்கான். அதுவும் புகார் சொல்ல."

அக்காவும் தம்பியும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. மழைமானி, வெப்பமானிகளின் அளவுகளைப் படித்துத் தரும். யாரும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். "இன்னும் நாலு வசதி சேப்போம்டா" என்றாள் அக்கா. "ஒருத்தர் கேட்டதை எல்லார் தலையிலயும் கட்டாதே" என்றான் அவன். பேச்சு முற்றி, போனவன் போனவன்தான். வீட்டுப் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

போன மாதம் பலர் கேட்டார்கள், படித்த அளவுகளைக் கோப்பில் எழுதிவைத்து மறுபடி எடுக்க வழி வேண்டும் என்று. அதற்கு வேறு யாரோ எழுதிய, லைப்ரரி எனப்படும் பெரிய நிரல்தொகுப்பு ஒன்றை இழுத்து வரவேண்டும். தம்பி சொன்னதை அவள் மறக்கவில்லை. கேட்பவர்களுக்கு மட்டும் அது வரும்படி வைத்தாள். ஆனால் சரிபார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க அலுத்துப்போய், தானாக வருகிறவற்றின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்திருந்தாள். எடுக்க மறந்து வெளியிட்டும்விட்டாள். கேட்காதவர்களிடமும் மூட்டை போய் இறங்கிவிட்டது.

தம்பியின் புகாரில் இருந்தது இவ்வளவுதான்: 'பராமரிப்பாளருக்கு வணக்கம். மலைமேல் இருக்கும் என் சின்னக் கருவியில் புதிய பதிப்பு கொள்ளவில்லை. மழையை அளப்பது நின்றுவிட்டது.'

"வணக்கமாம்! என் இடுப்புல உக்காந்து ஊர் சுத்தின பய."

"ஒரு வரிதானே? எடுத்து விடேன்."

"எடுத்தா, தீந்துச்சுன்னு புகாரை மூடிட்டுப் போயிடுவானே."

"அதுக்காக மழைக்கணக்கை நிறுத்தி வைப்பியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. வரியை எடுத்தாள். 'இப்ப கொள்ளுதா பாரு' என்று எழுதி அனுப்பினாள்.

அரைமணி கழித்து வந்தது: 'கொள்கிறது. நன்றி.'

அவ்வளவுதானா என்று நாற்காலியில் சாய்ந்தாள். கீழே இன்னொரு வரி முளைத்தது.

'எதைப் புதுசா சேத்தாலும், அது இல்லாம ஒரு தடவை, வச்சு ஒரு தடவை, ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாக்கணும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், அக்கா?'

கடைசிச் சொல்லை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்.

"என்ன, திட்டறானா?"

"திட்டறான். நல்லாத் திட்டட்டும்."

'அந்தச் சோதனைய நீயே எழுதிக் குடுடா. அதுவரைக்கும் இந்தப் புகாரை மூட மாட்டேன்' என்று அனுப்பினாள்.

துவைத்த துணிகளை மேசைக்குக் கொண்டுவந்து மடிக்க ஆரம்பித்தாள், அவன் பதில் வந்ததா என்று ஒரு துணிக்கு ஒரு தடவை திரையைப் பார்த்தபடி.