பஞ்சு அடையும் வேளை

ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் குடியிருந்த தமிழழகன் ஒரு பெரிய இரும்புக் கூண்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். கூண்டுக்குள் இருந்தது பஞ்சு. கிளி இனந்தான், ஆனால் ஒரு சேவல் அளவுக்கு இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளை, தலையில் மட்டும் மஞ்சள் கொண்டை. காக்கட்டூ என்பார்கள். துறைமங்கலத்தில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான்.

"அங்கிள், ஒரு மாசம் மட்டும் வச்சிருங்க. இதோட றெக்கையிலேருந்து மாவு மாதிரி கொட்டுதுல்ல, அவளுக்கு அது ஆகல. வீசிங் வந்துடுது. நல்ல எடமாப் பாத்துக் குடுத்துடறேன்."

தமிழழகனுக்குக் கல்யாணமாகி அப்போது சில வாரங்கள்தான். கீழ்வீட்டு மாயவன் சரி என்றார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. வீட்டில் இடமில்லை என்று சொல்ல முடியாது. இடம்தான் நிறையக் கிடந்தது. அடுத்த மாதமே தமிழழகன் திருச்சிப் பக்கம் வீடு மாறிப் போனான். முதலில் வாரம் தவறாமல் போன் செய்தான். பிறகு குறைந்தது.

மாயவன் ஆலத்தியூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இடைவிடாத இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே ஆயுளில் பாதி போனதால், சாதாரணமாகப் பேசினாலே அவர் குரல் தெருமுனைக்குக் கேட்கும். அவர் ஓய்வு பெற்ற வருஷந்தான் மகள் மணிமொழிக்குப் பெங்களூரில் பிரசவம் ஆனது. மனைவி இருசம்மாள் மூன்று மாதத்துக்கென்று போனாள். குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது ஓடவும் தொடங்கிவிட்டது. மணிமொழி வேலைக்குத் திரும்பிவிட்டாள். இருசம்மாள் திரும்பவில்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. தடுப்பூசி, பல் முளைப்பு, ஆயா நின்றுவிட்டாள் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் நியாயமாகவே வந்தது.

பஞ்சு பகலெல்லாம் நல்ல பிள்ளை. பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்ததும் கொண்டையை விரித்துக்கொண்டு ஆரம்பிக்கும். அது கூவல் அல்ல, ரம்பம் தகரத்தில் ஏறுவது போன்ற அலறல். முதல் நாள் மாயவன் கூண்டருகே போய், "ஏய், சும்மா கெட" என்று ஓர் அதட்டல் போட்டார். பஞ்சு ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தது. தனக்குச் சமமாகக் கத்த ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு மடங்காகக் கத்தத் தொடங்கியது.

வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். பழத்துக்காகவே கத்தப் பழகியது. டிவியைப் போட்டு எதிரே வைத்தார். சீரியலில் பாட்டு வரும்போதெல்லாம் தலையை ஆட்டி ஆடிக்கொண்டு தூக்கத்தை மறந்தது. பக்கத்து வீட்டு நல்லதம்பி தனியார் பஸ் டிரைவர். திருச்சிக்குப் போகும் முதல் வண்டி அவனுடையது. பாவம், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் எட்டு மணிக்கெல்லாம் படுத்தாத்தான் வெடியக்காலம் ஸ்டியரிங் பிடிக்க முடியும். கண்ணு சொருகுது அண்ணே."

மாயவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங் பிடிப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலமே தடித்த கம்பளி ஒன்றை எடுத்துக் கூண்டு முழுக்கப் போர்த்திவிட்டார். சத்தம் நின்றது. அப்பாடா என்று அவர் சாப்பிட உட்கார்ந்த சமயத்தில் எந்த வீட்டிலோ பாத்திரம் ஒன்று விழுந்தது. கம்பளிக்குள் படபடவென்று பேய் பிடித்தது போல ஒரு புரளல். ஓடிப்போய் விலக்கிப் பார்த்தால், பஞ்சு இருட்டில் கம்பியிலெல்லாம் மோதி, இறகு ஒன்று ஒடிந்து, வெள்ளை உடம்பில் ரத்தம். துண்டில் சுற்றி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அதன் நெஞ்சு அவர் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பயம் எப்படி இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் கலைமணி ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து கூண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் படிச்சப்ப பாத்தது. கைல பிடிக்கிறது இதான் மொத தடவ" என்றார். இறகுக்கு மருந்து போட்டார். நாமக்கல்லில் இருந்த தன் சீனியர் ஒருவருக்குப் போன் செய்து விவரம் கேட்டார். பிறகு மாயவனிடம் விசாரித்தார். கூண்டு எங்கே இருக்கிறது, டிவி எதுவரை ஓடும், விளக்கு எப்போது அணையும்.

"வூட்டுல யார் யாருங்கய்யா இருக்கீங்க?"

"நான் மட்டுந்தாங்கம்மா."

"அதான். இது கூட்டமா வாழுற ஜாதி. பொழுது சாஞ்சு மரத்துல அடையறப்ப ஒவ்வொண்ணும் கத்தும், எல்லாரும் வந்துட்டாங்களான்னு தெரிஞ்சுக்க. இப்ப நீங்கதான் அதோட கூட்டம். அது கத்தி நீங்க ஓடுனீங்கன்னா, கத்துனாத்தான் ஆளு வரும்னு நெனச்சுக்கும். அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீங்க போயி மெதுவாக் குரல் குடுங்க. சத்தமாப் பேசாதீங்க. மூணு பக்கம் மட்டும் மூடுங்க, சின்ன லைட் ஒண்ணு எரியட்டும். ராத்திரி பூரா அமைதி வேணும். பகல்ல நல்லா வேல குடுங்க, கடிச்சுக் கிழிக்கட்டும்."

அன்றிலிருந்து அந்த வீட்டின் நடை மாறியது. கூண்டு மணிமொழி படித்த உள்ளறைக்குப் போனது. அங்கே தெருவிளக்கின் வெளிச்சம் எட்டாது. பகலில் வாசல் வெயிலில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். தெரிந்தவர் கொல்லையிலிருந்து மக்காச்சோளக் கதிரும் தேங்காய் மட்டையும் கொண்டுவந்து போட்டார். பஞ்சு அவற்றைச் சாயங்காலம் வரை கிழித்துத் துகளாக்கியது. வெயில் இறங்கியதும் தீனி, தண்ணீர். பிறகு திரைச்சீலையை இழுத்து, மூன்று பக்கமும் பழைய வேட்டியைத் தொங்கவிட்டு, ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டு, எதிரே கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்.

என்ன பேசுவது என்றுதான் முதலில் திகைப்பாக இருந்தது. அவருக்குக் கதை எதுவும் தெரியாது. அன்றன்று நடந்ததைச் சொன்னார். "இன்னைக்கு ரேஷன்ல பாமாயில் இல்லன்னுட்டான். எதுத்த வூட்டுல போர் போடறாங்க, தண்ணி வரல." குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, வேறு யாரோ பேசுவது போல அவருக்கே இருந்தது. பஞ்சு ஒரு காலை மடித்து வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அலகை நறநறவென்று அரைக்கும். அது தூக்கம் வருவதற்கான அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லா நாளும் அப்படி அமையவில்லை. அடைமழை பெய்த ஒரு வாரம் பழையபடி அலறித் தீர்த்தது. ஆனால் ஐப்பசி முடிவதற்குள், அறைக்கதவைச் சாத்திவிட்டு அவர் ஓசைப்படாமல் வெளியே வர முடிந்தது.

"பறவைய வித்துட்டீங்களாண்ணே?" என்று நல்லதம்பி கேட்டான்.

இருசம்மாளின் போன், குழந்தை தூங்கிய பிறகுதான் வரும். அவள் பால்கனிக் கதவை ஒட்டி நின்றுகொண்டு கிசுகிசுவென்று பேசுவாள். முன்பெல்லாம் இவர், "என்னா? கேக்கல" என்று கத்த, அவள் பதறிப்போய் வைத்துவிடுவாள். இப்போது இவரும் கொல்லைப்புறக் கதவருகே நின்று அதே குரலில் பேசினார்.

"ஏங்க இப்புடிப் பேசறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல இருசா. பஞ்சு அடைஞ்சிருச்சு."

"ஓ. இவளும் இப்பத்தான் தூங்குனா."

அதிலிருந்து அந்தப் பேச்சு நீண்டது. லிப்ட் பாதியில் நின்றது, மூட்டுவலிக்கு மணிமொழி வாங்கித் தந்த தைலம், கடுகு தாளிக்கும் வாசனை எதிர் பிளாட்டுக்காரிக்குப் பிடிக்காதது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் 'உம்' கொட்டினார். கூடவே வாழ்ந்த காலத்தில் இவ்வளவு நேரம் அவள் பேசி அவர் கேட்டதில்லை. ஷிப்டு முடிந்து வந்து படுத்தால் அவருக்குக் காதில் டம்பர் ஓடிக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்கு மணிமொழியின் மாமியார் பெங்களூர் வந்ததால் இருசம்மாளுக்குப் பத்து நாள் கிடைத்தது. மாயவன் வீட்டைக் கழுவிவிட்டார். புது பஸ் ஸ்டாண்டில் ரொம்ப முன்னதாகவே போய் நின்றார். அவள் இளைத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டு, "வா" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் ஆசையாகச் சமைக்கப் போனாள். கரண்டியும் சட்டியும் மோத, உள்ளறையிலிருந்து அலறல் கிளம்பியது. மாயவன் ஓடிவந்து உதட்டில் விரலை வைத்து, "செத்த மெதுவா" என்றார். இருசம்மாள் கையில் சட்டியோடு அப்படியே நின்றாள். அவள் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியுமா.

போனில் பேசத் தீராமல் இருந்ததெல்லாம் எதிரெதிரே உட்கார்ந்ததும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலையில் அவள் கண் சிவந்திருந்தது. "தூங்கலையா?" என்று கேட்டார்.

"பாப்பா மூச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே படுத்துப் பழகிருச்சு. அது இல்லாம முழிப்பு வந்துட்டே இருக்கு."

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவளும் உள்ளறைக்கு வந்து கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பஞ்சு கொண்டையை விரித்து அவளை முறைத்தது. அவள் அசையாமல் இருந்தாள். அடுத்தடுத்த நாட்களில் முறைப்பதை விட்டது. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், இருவர் நடுவிலும் அது அலகை அரைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் மெல்லக் கேட்டாள்.

"நீங்களும் என்னோட வந்துருங்களேன்."

"பஞ்ச என்னா பண்றது?"

"இதுக்கு முன்னாடி பென்ஷன் ஆபீஸ்ன்னீங்க. அதுக்கு முன்னாடி வூட்டுக்கு வெள்ளையடிக்கணும்ன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தாள்.

அவளைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம், மாயவன் வழக்கம்போல வேட்டியைத் தொங்கவிட்டு, பல்பைப் போட்டு உட்கார்ந்தார். பஞ்சு கத்தியது. அவர் மெதுவாகக் குரல் கொடுத்தார். அவரைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, மறுபடி கத்தியது. தீனியில் குறையில்லை, தெருவிளக்கு வெளிச்சமில்லை, வெளியே எந்தச் சத்தமுமில்லை. கட்டிலின் மறுகோடியைப் பார்த்து அது மீண்டும் ஒருமுறை கத்தியபோதுதான் அவருக்கு விளங்கியது. அதன் கணக்கில் ஓர் ஆள் இன்னும் வரவில்லை.

போன் வந்தபோது அவர் கொல்லைப்புறம் போகவில்லை. அங்கேயே எடுத்தார்.

"போய்ச் சேந்துட்டேங்க. பின்னாடி என்னா சத்தம்? பஞ்சா?"

"ஆமா. ஒன்னையத்தான் தேடுது."

அவர் குரலைத் தாழ்த்தாமல், கத்தாமல், நடுவாந்திரமாகச் சொன்னார்.

"இருசா, பஞ்சுக்காக இல்ல. மருமவன் ஹால்ல லேப்டாப் வச்சிருப்பாரு, ரூமுல புள்ள தூங்கும். அந்த வூட்டுல நான் எங்க உக்காரறதுன்னு எனக்குத் தெரியலடி."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்" என்றாள் இருசம்மாள். "சமையக்கட்டுலதான் நின்னுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. "முழிச்சுட்டா. வச்சுடறேங்க" என்றாள். ஆனால் உடனே வைக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் நடப்பது, செருப்பு தரையில் உரசுவது எல்லாம் அவருக்குக் கேட்டது. பிறகுதான் லைன் அறுந்தது.

மறுநாள் அவர் தமிழழகனுக்குப் போன் செய்து, பஞ்சுக்கு வேறு இடம் தேட வேண்டாம் என்று சொன்னார். அவன் நிம்மதியாக, "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றான். சித்திரையில் மணிமொழிக்கு லீவு கிடைத்தால் வருவதாக இருசம்மாள் சொல்லியிருக்கிறாள்.